பந்தயக் குதிரைக்கு எண்ணெய்: எது, எவ்வளவு, எப்படி

கேள்வி (தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி, 2023 மார்ச் 4):
"அண்ணே, குதிரை வண்டிப் பந்தயத்துல நடுக்குதிரைப் பிரிவுல ஓட்டுறேன். பந்தயத்துக்கு மூணு நாள் முன்னாடியிருந்து தினம் ஒரு உழக்கு நல்லெண்ணெய் புகட்டினா மூச்சு வாங்காம ஓடும்ங்கிறாங்க. கொள்ளை நிப்பாட்டிட்டுக் கொடுக்கணுமா, கொள்ளோட சேர்த்தா? கடலை எண்ணெய்க்கும் அதே பலன் உண்டா?"

2023 மார்ச் 4, இரவு

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். புகட்டாதே. மூங்கில் குழாயோ பாட்டிலோ எதுவும் வேண்டாம். தலையை உத்தரத்தில் தூக்கிக் கட்டி வாயில் எண்ணெய் ஊற்றுவதை நம் ஊர்ப்பக்கம் மாட்டுக்குச் செய்து பழகிவிட்டோம். குதிரைக்கு அதைச் செய்யவே கூடாது.

2014ல் என்னிடம் ஒரு செவலை இருந்தது. பந்தயத்துக்கு முதல் நாள், இதில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று எல்லோரும் சொன்ன ஒருவரைக் கூட்டி வந்தேன். கண்ணாடி பாட்டிலில் நல்லெண்ணெய் எடுத்து, தலையைத் தூக்கிக் கட்டி ஊற்றினார். பாதி பாட்டிலில் செவலை ஒருமுறை கழுத்தை உதறியது. பெரிதாக இருமக்கூட இல்லை. எண்ணெய் வழுவழுப்பானது, தொண்டையை உறுத்தாது. தண்ணீர் போனால் உடனே இருமல் கிளம்பும், எண்ணெய் சத்தம் போடாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மறுநாள் காலை தீவனத்தைத் தொடவில்லை. சாயங்காலம் காய்ச்சல். மூன்றாம் நாள் மூக்கில் மஞ்சளாக வடிந்தது. நுரையீரலுக்குள் போன எண்ணெயை உடம்பால் வெளியே தள்ள முடியாது என்று மருத்துவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இரண்டு மாத வைத்தியத்தில் உயிர் தங்கியது. ஆனால் செவலை அதற்கப்புறம் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. வேகமாக நடந்தாலே விலா இழுக்கும்.

எண்ணெய் தீவனத்தில் கலந்துதான் போகவேண்டும். தானாகத் தின்றால் தின்னட்டும், தின்னாவிட்டால் விடு. மீதியை நாளை எழுதுகிறேன்.

2023 மார்ச் 5, காலை

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு." இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது. எள்ளில் கிட்டத்தட்ட பாதி எடை எண்ணெய். கொள்ளில் எண்ணெய் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. புரதம் 22 சதவீதம் போல இருக்கும், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. உடம்பு ஏற்றவேண்டுமானால் எண்ணெய் உள்ள பொருள் என்று நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எண்ணெய் மருந்து கிடையாது, டானிக்கும் கிடையாது. அது எரிபொருள். ஒரு கிராம் கொழுப்பில் ஏறக்குறைய 9 கலோரி, மாவுச்சத்தில் 4. தீவனத்தின் அளவைக் கூட்டாமல் சக்தியைக் கூட்டலாம், இதுதான் எண்ணெயின் பலன். மூன்று நாளில் கொடுத்து மூன்றாம் நாள் ஓட்டுவதற்கான பொருள் அல்ல. குடல் பழகவே மூன்று வாரம் ஆகும். தசை கொழுப்பை எரிக்கப் பழக இரண்டு மூன்று மாதம். உன் பந்தயம் இந்த வாரம் என்றால் இப்போது எண்ணெயை நினைக்காதே, வழக்கமான தீவனத்திலேயே ஓட்டு. திடீரென்று கொட்டினால் பந்தயத்தன்று லத்தி இளகிப் போய் நிற்பதுதான் மிச்சம்.

2023 மார்ச் 5, மதியம்

குதிரைக்குப் பித்தப்பை இல்லை, அதனால் எண்ணெய் செரிக்காது என்று ஒருவர் போனில் சொன்னார். பித்தப்பை இல்லை என்பது உண்மை. ஆனால் ஈரல் பித்தநீரைச் சேர்த்து வைக்காமல் நாள் முழுக்கச் சொட்டவிட்டுக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க மேய்கிற பிராணிக்கு அதுதான் தோது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் குதிரை எண்ணெயை நன்றாகவே செரிக்கும். ஒரே வேளையில் மொத்தமாக ஊற்றினால்தான் தொந்தரவு. செரிக்காத எண்ணெய் பெருங்குடலுக்குப் போனால் அங்கே புல்லையும் வைக்கோலையும் நொதிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் கெட்டுப்போகும்.

2023 மார்ச் 9

அளவு கேட்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். முதலில் எடை தெரியவேண்டும். எடைமேடைக்குப் போகவேண்டாம், தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்று பார். தோள் முனையிலிருந்து பிட்டத்தின் கடைசி வரை நீளம் எடு. நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். இப்போது என்னிடம் இருக்கிற மயிலைக்கு நெஞ்சு 155, நீளம் 140. கணக்குப் போட்டால் 283 கிலோ. நான் 350 என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

கிலோவுக்கு ஒரு மில்லிதான் உச்சம். அதாவது மயிலைக்கு ஒரு நாளைக்கு 280 மில்லியைத் தாண்டக் கூடாது. அத்தனையும் தேவையும் இல்லை, நான் 150ல் நிறுத்திவிட்டேன். முதல் நாள் 30 மில்லி, அதையும் காலை மாலை இரண்டு வேளையாகப் பிரித்து. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 30 கூட்டு. லத்தியைத் தினமும் பார். உருண்டையாக விழுந்து, உடைத்தால் உள்ளே நார் தெரிந்தால் சரி. மேலே மினுமினுப்பாக எண்ணெய்ப் பசை தெரிந்தாலோ சாணம்போலப் பரவி விழுந்தாலோ அளவைக் குறைத்துவிடு.

150 மில்லி என்பது 137 கிராம் போல வரும். அதில் சுமார் 1,230 கலோரி. ஏறக்குறைய 400 கிராம் கொள்ளுக்குச் சமம். ஆகவே 150 மில்லி கொடுக்கும்போது 400 கிராம் கொள்ளைக் குறைத்துவிடலாம்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ஜட்கா வண்டி ஓட்டியவர். செட்டிநாடு ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களைக் கானாடுகாத்தான் வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவர் குதிரைக்குத் தினம் ஒரு உழக்கு நல்லெண்ணெய் கொடுத்ததாக அப்பா சொல்வார். உழக்கு 336 மில்லி. சின்ன மட்டக் குதிரைக்கு அது எப்படித் தாங்கியது என்று எனக்குப் பிடிபடவில்லை.

2023 மார்ச் 10

நேற்று எழுதியதில் ஒரு தவறு. 400 கிராம் கொள்ளைக் குறைக்கலாம் என்றேன். சக்திக் கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கொள்ளோடு 88 கிராம் புரதமும் போய்விடும். எண்ணெயில் புரதம் துளிகூட இல்லை. தாதுவும் இல்லை. ஓடுகிற குதிரைக்குத் தசை எதிலிருந்து வரும்?

அதனால் கொள்ளில் கை வைக்காதீர்கள். கொள்ளோடு சேர்த்துக் கொடுக்கிற அரிசிக் குருணை, தவிடு, சோளம் இருக்கிறதே, அதைக் குறையுங்கள். நான் நேற்று இரவே மயிலைக்குத் தவிட்டைக் குறைத்து, கொள்ளைப் பழையபடி ஆக்கிவிட்டேன். ஏற்கெனவே படித்துவிட்டுக் கொள்ளைக் குறைத்தவர்கள் யாராவது இருந்தால் மன்னிக்கவும், இன்றே மாற்றுங்கள்.

இன்னொன்று, எண்ணெய் கூடினால் வைட்டமின் ஈ தேவையும் கூடும். 100 மில்லிக்கு 100 முதல் 150 யூனிட் சேர்ப்பது நல்லது. பச்சைப் புல் தாராளமாகக் கிடைக்கிற காலத்தில் கவலை இல்லை. நம் சீமையில் கண்மாய் வற்றி, பங்குனி தொடங்கி மழை விழுகிற வரை காய்ந்த கடலைக் கொடியும் வைக்கோலும்தானே. காய்ந்த தீவனத்தில் வைட்டமின் ஈ பெரும்பாலும் போய்விடும். என்ன மாத்திரை, எத்தனை என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

2023 மார்ச் 17

எந்த எண்ணெய்? ஒவ்வொன்றாக வருகிறேன். சக்தியைப் பொறுத்தவரை எல்லாம் ஒன்றுதான், ஒரு கிராமுக்கு அதே 9 கலோரி. வித்தியாசம் கொழுப்பு அமிலத்தில் இருக்கிறது.

கடலை எண்ணெய். நம் பக்கத்தில் செக்கில் ஆட்டி வாங்க எளிது, குதிரைக்கும் வாசம் பிடிக்கும். பாதிக்குப் பக்கம் ஒலியிக், மூன்றில் ஒரு பங்கு லினோலியிக், அதாவது ஒமேகா 6. ஒமேகா 3 இல்லை என்றே சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: கடலையில் பூஞ்சை பிடித்திருந்தால் அந்த நஞ்சு பெரும்பாலும் புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயின் மண்டியிலும் வரும். அதனால் செக்கிலிருந்து வந்த எண்ணெயை நாலைந்து நாள் தெளியவிட்டு மேலாக ஊற்றி எடுக்கிறேன். அடி மண்டியைக் குதிரைக்குக் கொடுப்பதில்லை. பூஞ்சைக் கடலைப் புண்ணாக்கு குதிரையின் ஈரலைத் தின்றுவிடும்.

நல்லெண்ணெய். ஒலியிக்கும் லினோலியிக்கும் ஏறக்குறையச் சரிபாதி. சீக்கிரம் கெடாது, அதனால் வெயில் காலத்துக்கு உகந்தது. விலைதான் இடிக்கும்.

தேங்காய் எண்ணெய். ஒமேகா 6ம் இல்லை 3ம் இல்லை, 90 சதவீதம் நிறைகொழுப்பு. கெட்டுப்போகாது, உடம்பு ஏறும். இதை மட்டுமே கொடுத்தால் லினோலியிக் குறையும். அது குதிரைக்கு அவசியம் வேண்டிய அமிலம், உலர் தீவனத்தில் அரை சதவீதமாவது இருக்கவேண்டும் என்பது அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2007 அட்டவணை.

தவிட்டெண்ணெய். நல்லதுதான். இதிலுள்ள ஒரைசனால் என்ற பொருள் தசை வளர்க்கும் என்று சொல்லிக் குதிரைக்காரர்களிடம் தனியாக விற்கிறார்கள். அது நிரூபணமாகவில்லை, அதற்காகக் காசு கொட்டவேண்டாம். தவிட்டெண்ணெயைத் தவிட்டோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அரிசித் தவிட்டில் 15 சதவீதம் போல எண்ணெய் உண்டு, ஆனால் மில்லிலிருந்து வந்த சில நாளிலேயே சிக்கு வாடை அடிக்கும். அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் தவிட்டையே கொடுத்தால் எலும்பிலிருந்து கால்சியம் உருகி முகம் புடைக்கும். பழைய ஜட்காக் குதிரைகள் பலவற்றுக்கு முகம் அப்படி இருந்ததை அப்பா சொல்வார்.

ரேஷன் பாமாயில். சக்தி உண்டு, வேறொன்றும் இல்லை. அவசரத்துக்குக் கொடுக்கலாம்.

கடுகெண்ணெய் வேண்டாம். காரம் அடிக்கும், குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எரூசிக் என்ற கொழுப்பு அமிலமும் அதிகம்.

சோயா எண்ணெயில் 7 சதவீதம் போல ஒமேகா 3 உண்டு, விலையும் கட்டுப்படும். கடைகளில் கிடைக்கிற எண்ணெய்களில் நான் அதைக் கொஞ்சம் உயர்வாக நினைக்கிறேன்.

ஆளிவிதை எண்ணெய்தான் ஒமேகா 3க்கு ராஜா, பாதிக்கு மேல் அதுதான். புல்லிலுள்ள கொழுப்பும் பெரும்பாலும் ஒமேகா 3தான், எனவே புல் தின்னக் கிடைக்காத குதிரைக்கு ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய் சேர்ப்பது இயற்கைக்குப் பக்கத்தில் வரும்.

இங்கேதான் நம் ஊருக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பெரிய வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களுக்கும் நிலைகளுக்கும் பூசுகிறோமே, பெயின்ட் கடையில் விற்கிற லின்சீட் ஆயில், அதுவும் ஆளிவிதை எண்ணெய்தான். ஆனால் டபுள் பாயில்ட் என்று எழுதியிருக்கிற டப்பாவில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும். கோபால்ட், மாங்கனீஸ், சிலதில் ஈயம். அது மரத்துக்கு, வயிற்றுக்கு அல்ல. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு டப்பா வாங்கி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். நல்லவேளை, குதிரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தொடவில்லை. சாப்பிடுவதற்கென்று ஆட்டிய எண்ணெயாக இருக்கவேண்டும்.

2023 மார்ச் 18

விளக்கெண்ணெய் விட்டுப்போனதைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. குதிரையின் பெருங்குடலை அது புண்ணாக்கிவிடும். ஆமணக்கு விதை அதைவிட மோசம், குதிரைக்குக் கொடிய நஞ்சு. வயிறு வலித்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஏற்றுகிற பாரஃபின் வேறு சமாச்சாரம். அது செடி எண்ணெயே அல்ல, செரிக்கவும் செரிக்காது.

2023 ஏப்ரல் 2

ஐயா விஷயம் தெளிந்துவிட்டது.

சித்தப்பா வீட்டுப் பரணில் அந்தப் பித்தளை அளவை இருந்தது. புளி போட்டுத் தேய்த்து எடுத்து வந்தேன். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, அடியில் ஏதோ எழுத்து பாதி அழிந்து கிடக்கிறது. குதிரை மிதித்து நசுங்கியதாம். தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்தால் 168 கிராம் காட்டியது. அது உழக்கே இல்லை, ஆழாக்கு! அப்பா ஐம்பது வருடமாக உழக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

168 மில்லி. நான் நாடா வைத்து அளந்து, கணக்குப் போட்டு, படித்துப் படித்து வந்து நின்ற 150க்கு ஒரு வாய் கூடுதல், அவ்வளவுதான். அளவையைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஐயா எழுதப் படிக்கத் தெரியாதவர். லத்தியைப் பார்த்துப் பார்த்தே அந்த அளவுக்கு வந்திருப்பார்.

தம்பி, உன்னிடம் "உழக்கு" என்று சொன்னவரும் ஒருவேளை ஆழாக்கைத்தான் சொல்லியிருப்பார். கேட்டுப் பார்.

இனி அந்த அளவையில்தான் எண்ணெய் எடுக்கப்போகிறேன், நசுங்கிய பக்கம் வரைக்கும் ஊற்றினால் 150க்குச் சரியாக இருக்கிறது.

2023 ஏப்ரல் 23

வெயில். உண்மையில் நான் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

தின்கிற எல்லாமே செரிக்கும்போது உடம்பில் சூட்டைக் கிளப்பும். நார்த்தீவனம் நொதிக்கும்போது அதிகம், தேவைக்கு மிஞ்சிய புரதம் கரையும்போதும் அதிகம், எண்ணெயில் மிகக் குறைவு. அதே சக்தியை எண்ணெயாகக் கொடுத்தால் குதிரை உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். சித்திரை வெயிலில் காரைக்குடிச் சாலையில் ஓடுகிற குதிரைக்கு இது சின்ன விஷயமா?

மாவுச்சத்து குறைவதிலும் ஒரு லாபம். ஒரே வேளையில் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். மயிலைக்கு வேளைக்கு 280 கிராம். அதை மீறினால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் போய்ப் புளிக்கும். வயிற்றுச் சூலை வரும், குளம்பு அழற்சி வரும். ஒரு நாள் ஓய்வு கொடுத்து மறுநாள் பூட்டியதும் இடுப்புக் கெட்டியாகி நகரமாட்டாமல் நிற்குமே, அந்தத் தசைப்பிடிப்பு அடிக்கடி வருகிற குதிரைகளுக்கும் மாவைக் குறைத்து எண்ணெயைக் கூட்டுவதுதான் தீவன வைத்தியம்.

மிரள்வதும் குறைகிறது. வர்ஜீனியாவில் க்ரான்ஃபெல்டு என்ற கால்நடை விஞ்ஞானியின் குழு 1996ல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு சேர்த்த தீவனம் தின்ற குதிரைகள் நிதானமாக இருந்ததாகச் சொல்கிறார்கள். மயிலையிடம் நானும் பார்க்கிறேன். முன்பெல்லாம் டிராக்டர் ஹாரன் அடித்தால் பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளும். இப்போது காதை மட்டும் திருப்பும்.

2023 மே 7, இரவு

இன்று ஓடிவிட்டு வந்தோம். போக வர 8 மைல். மூன்றாவதாக வந்தது. பரிசைவிட எனக்கு முக்கியம் வந்து நின்றபின் பார்த்தது. சும்மா நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சுவிடும். போன வருடம் இதே தூரம் ஓடிவிட்டு விலா அடங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. இன்று கால் மணி நேரத்தில் தண்ணீரைத் தேடியது. வாயிலிருந்து கடிவாளத்தை எடுத்ததும் என் சட்டையில் முகத்தைத் தேய்த்தது. ஓடிய களைப்பில் அது அப்படிச் செய்ததே இல்லை.

2023 மே 8

நேற்று சந்தோஷத்தில் எழுதினேன். நிதானமாக யோசித்தால், முழுப் பெருமையையும் எண்ணெய்க்குக் கொடுப்பது நியாயமில்லை.

இந்த வருடம் வேறு இரண்டும் மாற்றியிருக்கிறேன். பயிற்சியை விடிவதற்கு முன்னால் முடித்துவிடுகிறேன். ஓடி முடித்ததும் குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி ஊற்றி வழிக்கிறேன். "சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் நரம்பு இழுத்துக்கொள்ளும்" என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்தோம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்பு இதையே ஆராய்ந்து, அப்படி எதுவும் ஆவதில்லை, சூடு தணிவதற்கு அதுவே சிறந்த வழி என்று கண்டார்கள். உப்பும் தினமும் தீவனத்தில் போடுகிறேன், வியர்வையில் அவ்வளவு போகிறது.

இன்னொரு யோசனை. 8 மைல் என்பது 13 கிலோமீட்டர், அரை மணி நேர வேலை. வெளிநாட்டில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர் ஓடுகிற நெடுந்தூரப் போட்டிக் குதிரைகளுக்குக் கொழுப்பு எரிபொருளாகப் பெரிய பங்கு வகிக்கும். நம்முடையதில் கடைசி ஒரு மைல் உயிரைப் பிடித்துக்கொண்டு பாயும்போது தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்துதான் எரியும். ஆகவே மாவை முழுக்க விட்டுவிட்டு எண்ணெயிலேயே ஓட்டுவது நம் பந்தயத்துக்குச் சரிவராது. கொள்ளும் வேண்டும், கொஞ்சம் ஓட்ஸ் கிடைத்தால் அதுவும் வேண்டும். உடம்பு, நிதானம், சூடு தணிவது, இந்த மூன்றுக்கும்தான் எண்ணெய். மார்ச் 5ல் "எரிபொருள்" என்று ஒரே அடியாக அடித்தேனே, அதை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.

2023 மே 14

குடும்பத்தோடு ஆவுடையார்கோயில் போனேன். மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்ட திருப்பெருந்துறை அதுதானே. நரி பரியான கதை தொடங்கிய ஊர். அங்கே கல்லில் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் பாண்டிய நாட்டுக்கு வந்த நிஜக் குதிரைகளின் ஞாபகம் வரும். கடல் தாண்டி ஆயிரக்கணக்கில் வந்தவை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகளைப் பராமரிக்கத் தெரியவில்லை, வைத்தியரும் இல்லை, வந்தவை செத்துப்போகின்றன, சோற்றோடு இறைச்சி சமைத்துக் கொடுக்கிறார்கள் என்று எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த தானியத்தில் வெண்ணெய் சேர்த்துக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கவைக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டார்.

கொழுப்பு சேர்ப்பது இந்த மண்ணில் எழுநூறு வருடப் பழக்கம் என்று காரில் வரும்போது மகளிடம் சொன்னேன். "அதைத் தின்னுதான் செத்துச்சாப்பா?" என்று கேட்டாள். வயது ஒன்பது. நியாயமான கேள்வி. வெயில், புல் இல்லாமை, ஓட்டம் இல்லாமல் முளையில் கட்டியே வைத்திருந்தது, எல்லாம் சேர்ந்திருக்கும் என்றேன். புல் தின்று வாழப் பிறந்த வயிற்றுக்குச் சோறும் இறைச்சியும் எந்தக் காலத்திலும் ஆகாது.

2023 ஜூன் 11

இரண்டு கேள்விக்குச் சுருக்கமாக.

பலகாரம் சுட்ட எண்ணெய் மிச்சமாகிறது, கொடுக்கலாமா? வேண்டாம். முறுக்கும் சீடையும் நாலு ஈடு போட்ட எண்ணெய் உடைந்துபோன எண்ணெய். நமக்கே ஆகாது. சிக்கு வாடை அடித்தாலும் அப்படியே, வைட்டமின் ஈயையும் அழித்துவிடும். எண்ணெயைப் பெரிய டின்னில் வாங்கி லாயத்து ஓட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். பத்து நாளுக்கு வேண்டியதை வாங்கி, எவர்சில்வர் தூக்கில் மூடி, வீட்டுக்குள் இருட்டில் வையுங்கள். தீவனத் தொட்டியையும் தினம் தேயுங்கள். மூலையில் தங்குகிற எண்ணெய்ப் பிசுக்குதான் முதலில் சிக்கடிக்கும், அப்புறம் நல்ல தீவனத்தையும் குதிரை ஒதுக்கும்.

இரைப்பைப் புண்ணுக்கு எண்ணெய் நல்லதா? போனிகளுக்குத் தினம் 45 மில்லி சோள எண்ணெய் கொடுத்த ஓர் ஆய்வில் அமிலச் சுரப்பு குறைந்தது. ஆனால் புண் வராமல் தடுக்கிறதா என்று பார்த்த இன்னோர் ஆய்வில் பலன் தெரியவில்லை. வயிற்றைக் காலியாக விடாமல் எப்போதும் வாயில் நார்த்தீவனம் இருக்கச் செய்வதுதான் புண்ணுக்கு முதல் காப்பு.

2023 ஆகஸ்ட் 6

அந்தியூர் ஆடிச் சந்தையில் குட்டி வாங்கப் போகிறவர்கள், வாங்கி வந்ததும் எண்ணெய் ஊற்ற ஆரம்பிக்காதீர்கள். இடமும் தண்ணீரும் தீவனமும் ஒரே நாளில் மாறுகிற குதிரைக்கு அதுவே பெரிய பாடு. ஒரு மாதம் போகட்டும்.

கொழுத்த குதிரைக்கும் வேண்டாம். பிடரி மேடாகி, விலா எலும்பு கைக்கே தட்டுப்படாத மட்டக் குதிரை ஒன்றுக்குத் தினம் 200 மில்லி கொடுத்துவருவதாக ஒருவர் பெருமையாகப் படம் அனுப்பினார். "பளபளப்பு பாருங்க" என்றார். பளபளப்பு உண்மைதான், எண்ணெய் கொடுத்தால் ரோமம் மினுங்கும். ஆனால் அது வேலையே செய்வதில்லை, கோயில் ஊர்வலத்துக்கு மட்டும் போகிறது. நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிடரி மேடு குளம்பு அழற்சிக்கு முன்னால் வருகிற அறிகுறி.

2023 செப்டம்பர் 17

தேவகோட்டைத் தம்பி இன்று நேரில் வந்தார். ஆறு மாதமாக இதையெல்லாம் படித்துக்கொண்டு ஒரு வார்த்தை எழுதாமல் இருந்திருக்கிறார். மார்ச்சில் அந்தப் பந்தயத்துக்கு எண்ணெய் இல்லாமலே ஓட்டியிருக்கிறார். அதற்கப்புறம் 30 மில்லியில் தொடங்கி, இப்போது 120 மில்லி கடலை எண்ணெயும் 30 மில்லி ஆளிவிதை எண்ணெயும் தீவனத்தில் போகிறது.

குதிரையை மினி லாரியில் கொண்டுவந்திருந்தார். இறக்கிக் கட்டி, நான் நாடாவைப் பிடித்தேன். நெஞ்சு 151, நீளம் 138. 265 கிலோ. விலாவில் கையை வைத்து அழுத்தினால் எலும்பு தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும். கொள்ளைக் குறைத்தாயா என்று கேட்டேன். "மார்ச் ஒன்பதாம் தேதி குறைச்சேன், பத்தாம் தேதி பழையபடி ஆக்கிட்டேன்" என்றார்.

போகும்போது செவலையைப் பார்க்கவேண்டும் என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நிழலில் நின்றிருந்தது. கிட்டே போய், கழுத்தில் கை வைத்துக்கொண்டு, அது மூச்சுவிடுவதையே கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டில் மருந்து புகட்டவென்று ஒரு மூங்கில் குழாய் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதை அடுப்பில் வைத்துவிட்டதாகச் சொன்னார்.